20 கிராம் வைத்தால் 0.00 வருகிறது: பழைய பாஸ்கல் நிரலைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

1. தராசுத்தட்டு

வணக்கம். ஒரு ஆய்வகத்தில் மென்பொருள் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே பழைய மின்னணுத் தராசு ஒன்று இருக்கிறது. பின்பக்கம் 9 முள் சீரியல் போர்ட். இத்தனை காலம் அதோடு பேசிக்கொண்டிருந்தது டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடிய, டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய ஒரு நிரல். எழுதியவர் யார், எங்கே இருக்கிறார் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. போன வாரம் அந்தக் கணினி நின்றுவிட்டது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சோர்ஸ் கோடை மட்டும் மீட்டு வைத்திருக்கிறேன், ஏறக்குறைய 900 வரி. தராசின் மேனுவல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது பைத்தான். யூஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்றை மாட்டி, பைசீரியல் லைப்ரரியை வைத்து 20 வரியில் எழுதிவிட்டேன். வேகம் 2400 என்று தராசின் அடியில் சின்னதாக ஒட்டியிருந்தது, அதையே கொடுத்தேன். சிக்கல் இதுதான்: 50 கிராம் எடைக்கல்லை வைத்தால் 50.00 என்று சுத்தமாக வருகிறது. 20 கிராம் வைத்தால் 0.00. 100 கிராம் வைத்தால் 00.00. தராசின் திரையில் எல்லாம் சரியாகவே தெரிகிறது. எண்ணுக்குப் பின்னால் வர வேண்டிய ஜி எழுத்தும் வருவதில்லை. முதலில் எழுத்துக் குறியாக்கப் பிழை என்று சொல்லி நிரல் நின்றுகொண்டே இருந்தது. தவறான எழுத்துகளை விட்டுவிடு என்று ஒரு ஆப்ஷன் கொடுத்த பிறகு நிற்காமல் ஓடுகிறது.

கேட்க வேண்டியவை இரண்டு. கேபிளில் ஏதாவது இரைச்சலா? அப்புறம், அந்த 900 வரியைப் புரிந்துகொள்ள நான் பாஸ்கல் கற்றுக்கொள்வது பயனுள்ளதா, இல்லை அதைத் தூக்கிப்போட்டுவிட்டு முயன்று பார்த்தே முடித்துவிடலாமா?

2. நேர்வழி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம். உங்கள் நேரம் மதிப்புள்ளது. சீரியல் போர்ட் என்பது ஒரு கம்பியில் பைட் போவது, இன்னொரு கம்பியில் வருவது, அவ்வளவுதான். அதற்காக ஒரு பழைய மொழியைக் கற்பதை விட அந்த வாரத்தில் சி மொழியைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கலாம். அது இன்றும் எல்லா இடத்திலும் ஓடுகிறது.

முதல் கேள்விக்கு: 50 சரியாக வருவதால் வேகம் சரிதான். கேபிளைச் சுருக்கிப் பாருங்கள், தரை இணைப்பைச் சரிபாருங்கள்.

3. பச்சைத்திரை

தம்பி, கேபிளைத் தொடாதீர்கள். இரைச்சல் என்றால் ஒரு தடவை 2 காணாமல் போகும், இன்னொரு தடவை 5 காணாமல் போகும். உங்களுக்கு எப்போதுமே ஒரே எண்கள்தான் போகின்றன. ஒரு சோதனை செய்யுங்கள்: 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் வரும்படி எடைகளை மாற்றி மாற்றி வையுங்கள். 0, 3, 5, 6, 9 மட்டும் வந்து, 1, 2, 4, 7, 8 காணாமல் போனால் எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்த "தவறானதை விட்டுவிடு" ஆப்ஷனை எடுத்துவிட்டு, வரும் பைட்டுகளை எழுத்தாக மாற்றாமல் எண்ணாகவே அச்சிடுங்கள்.

4. தராசுத்தட்டு

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே! 0, 3, 5, 6, 9 வருகின்றன. மற்ற ஐந்தும் ஒரு தடவைகூட வரவில்லை. பைட்டாகப் பார்த்தால் 2 வர வேண்டிய இடத்தில் ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்முறை) 32-க்குப் பதிலாக பி2 இருக்கிறது. 1-க்கு 31 இல்லை, பி1. தராசைப் பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள்?

5. பச்சைத்திரை

எண்ணிப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். ஆஸ்கி என்பது எழுத்துக்கும் இலக்கத்துக்கும் ஒரு எண் தரும் முறை. அதில் 0-இன் எண் ஹெக்ஸில் 30. ஏழு பிட்டாக எழுதினால் 0110000, அதில் 1 இரண்டு இடத்தில் இருக்கிறது. 3 என்றால் 0110011, நான்கு இடம். 5, 6, 9 மூன்றிலும் நான்கு இடம். எல்லாம் இரட்டைப்படை. 1, 2, 4, 8 நான்கிலும் மூன்று இடம். 7-இல் ஐந்து இடம். எல்லாம் ஒற்றைப்படை.

உங்கள் தராசு அனுப்புவது 7 தரவு பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட் (எழுத்து முடிந்ததைக் காட்டுவது). மொத்த 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி எட்டாவது இடத்தில் ஒரு பாரிட்டி பிட்டைச் சேர்க்கிறது. நீங்கள் வேகத்தை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டீர்கள். பைசீரியல் தானாக 8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் என்று எடுத்துக்கொண்டது. அதனால் பாரிட்டி பிட் உங்களுக்குத் தரவின் உச்சி பிட்டாகத் தெரிகிறது. ஒற்றைப்படை எழுத்துகள் எல்லாம் ஹெக்ஸ் 80 கூடி வருகின்றன. அவை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறைக்கு ஒத்துவராததால் பைத்தான் பிழை சொன்னது. அதை நீங்கள் பேசவிடாமல் செய்துவிட்டீர்கள். ஜி எழுத்தின் எண் ஹெக்ஸில் 67, அதில் 1 ஐந்து இடத்தில். அதுவும் போயிற்று. புள்ளிக்கு 2ஈ, நான்கு இடம், அதனால் தப்பித்தது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் 1, தரவு 7, பாரிட்டி 1, ஸ்டாப் 1, ஆக 10. நீங்கள் வைத்தது ஸ்டார்ட் 1, தரவு 8, ஸ்டாப் 1, அதுவும் 10. இரண்டு சட்டகங்களும் ஒரே நீளம் என்பதால் ஸ்டாப் பிட் சரியான இடத்தில்தான் விழுகிறது. போர்ட்டுக்குத் தவறு நடக்கிறது என்றே தெரியாது, ஸ்டாப் பிட் இடம் தவறினால் வரும் ஃபிரேமிங் பிழையும் வராது.

இப்போது உங்கள் பாஸ்கல் கோடுக்குப் போங்கள். போர்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு ஏதோ எண்களை எழுதியிருக்கும் இடம் ஒன்று இருக்கும். அதை இங்கே போடுங்கள்.

6. தராசுத்தட்டு

பைத்தானில் 7 பிட், ஈவன் என்று மாற்றினேன். எல்லா எண்ணும் வந்துவிட்டது. மிக்க நன்றி ஐயா.

நீங்கள் சொன்ன இடமும் கிடைத்தது. அடுத்தடுத்து ஐந்து வரி. 3எஃப்பி என்ற போர்ட்டில் 80. 3எஃப்8-இல் 30. 3எஃப்9-இல் 0. மறுபடியும் 3எஃப்பி-யில் 1ஏ. கடைசியாக 3எஃப்சி-யில் 0பி. எல்லா எண்ணுக்கும் முன்னால் டாலர் குறி இருக்கிறது. விளக்கம் எதுவும் எழுதவில்லை.

7. பச்சைத்திரை

அந்த ஐந்து வரிதான் உங்கள் மேனுவல்.

டாலர் குறி என்றால் பாஸ்கலில் ஹெக்ஸ் எண். 3எஃப்8 என்பது பழைய பிசி-களில் காம்1 போர்ட்டின் முகவரி. அங்கிருந்து எட்டு முகவரிகள், சீரியல் போர்ட்டை இயக்கும் யூஏஆர்டி சில்லின் ரெஜிஸ்டர்கள் (சில்லுக்குள் இருக்கும் சின்ன நினைவிடங்கள்). 3எஃப்பி வரிக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர். அதில் 80 எழுதினால் உச்சி பிட் 1 ஆகும். அப்போது 3எஃப்8-உம் 3எஃப்9-உம் வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு வேகத்துக்கான வகுஎண்ணை வாங்கும். ஹெக்ஸ் 30 என்றால் 48. பிசி-யில் அந்தச் சில்லுக்குக் கொடுத்த கடிகாரம் 1.8432 மெகாஹெர்ட்ஸ், அதை 16-ஆல் வகுத்தால் 115200. அதை 48-ஆல் வகுத்தால் 2400. ஒட்டுத்தாளில் இருந்த எண் இதோ கோடிலும் இருக்கிறது.

அப்புறம் 1ஏ. இருமத்தில் 00011010. கடைசி இரண்டு பிட் 10 என்றால் ஏழு தரவு பிட். அடுத்து 0 என்றால் ஒரு ஸ்டாப் பிட். அடுத்த 1, பாரிட்டி உண்டு. அதற்கடுத்த 1, ஈவன். நீங்கள் முதல் நாளே இந்த ஒரு எண்ணைப் படித்திருந்தால் எடைக்கல்லையே தூக்கியிருக்க வேண்டாம்.

கடைசி வரியில் 0பி: கணினி தயார் என்று கருவிக்குச் சொல்லும் டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டு கம்பிகளையும் உயர்த்துகிறது, கூடவே அவுட்2 என்று ஒரு பிட். அந்த அவுட்2 வெளியே எந்த முள்ளுக்கும் போவதில்லை. பிசி-யில் சில்லின் இன்டரப்ட் (செயலியைக் குறுக்கிட்டு அழைக்கும்) சமிக்ஞையைத் திறந்துவிடும் கதவாக அதைப் பயன்படுத்தினார்கள். இன்டரப்ட் வைத்து எழுதத் தொடங்கிய பலர் இந்த ஒரு பிட்டை விட்டுவிட்டு நாள்கணக்கில் தேடியிருக்கிறார்கள். நானும் தேடியிருக்கிறேன்.

8. நேர்வழி

பச்சைத்திரை ஐயா கண்டுபிடித்த விதம் அருமை. கேபிள் என்று நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் கருத்து மாறவில்லை. இங்கே உதவியது பாஸ்கல் அல்ல, யூஏஆர்டி பற்றிய அறிவு. 1ஏ என்றால் என்ன என்பது 8250, 16550 என்ற யூஏஆர்டி சில்லுகளின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) இருக்கிறது. டேட்டாஷீட்டைப் படி என்று சொல்லலாம், பழைய மொழியைப் படி என்று சொல்ல வேண்டியதில்லை. சி மொழியிலும் இதே எண்களை எழுதலாம். பாஸ்கல் தெரியாத ஒருவர்கூட அந்த ஐந்து வரியை ஊகித்துவிடுவார். கற்க வேண்டியவை ஏராளமாக இருக்கும்போது ஒரு மாணவரிடம் பாஸ்கலும் பேசிக்கும் படி என்று சொல்வது அவருக்கு நல்லதல்ல என்று உண்மையாகவே நம்புகிறேன்.

9. நெடுவரிசை

சீரியல் போர்ட் எனக்கு அதிகம் தெரியாது. நான் வேறு பக்கம், கோபால் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களிலிருந்து தரவை வெளியே எடுக்கும் வேலை. ஆனால் தராசுத்தட்டு செய்த அதே தவறை நானும் செய்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

ஒரு பெரிய கோப்பு. எப்சிடிக் என்ற, ஐபிஎம் பெருங்கணினிகளின் எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தது. முழுவதையும் ஆஸ்கிக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்தேன். பெயர்கள் எல்லாம் அழகாக வந்தன. தொகைகள் எல்லாம் குப்பை. அந்தத் தொகைகள் எழுத்தாகவே இருந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கோபாலில் காம்ப்-3 என்று ஒரு வகை உண்டு: ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி, சி என்றால் மிகை, டி என்றால் குறை. கருவி அந்தப் பைட்டுகளையும் எழுத்து என்று நினைத்து மாற்றிவிட்டது. மூலக் கோப்பு பத்திரமாக இருந்ததால் தப்பித்தேன்.

எந்த இடம் எழுத்து, எந்த இடம் எண் என்று சொன்னது கோபால் நிரலின் தரவுப் பகுதிதான். அந்தப் பத்து வரியைப் படிக்கத் தெரிந்த அன்று வேலை முடிந்தது. கோபாலில் ஒரு நிரல்கூட நான் புதிதாக எழுதியதில்லை, இனியும் எழுதப் போவதில்லை. படிக்கத் தெரியும், அவ்வளவே. அதைக் கற்க எனக்குச் சில மாலைகள் போதுமாக இருந்தது.

நேர்வழி, நீங்கள் சொல்வதில் ஒரு இடம் எனக்கு ஒத்துவரவில்லை. 1ஏ என்றால் என்ன என்று டேட்டாஷீட் சொல்லும். இந்தத் தராசுக்கு 1ஏ-தான் போட வேண்டும் என்று எந்த டேட்டாஷீட் சொல்லும்?

10. நேர்வழி

> இந்தத் தராசுக்கு 1ஏ-தான் போட வேண்டும் என்று எந்த டேட்டாஷீட் சொல்லும்?

இது நியாயமான கேள்வி. சொல்லாது. ஆனால் தரவு பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் சேர்க்கைகளில் வழக்கத்தில் இருப்பவை சிலவே. ஒவ்வொன்றாக முயன்றால் பத்து நிமிடம். அந்த அளவுக்கு முயன்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

11. தராசுத்தட்டு

முயன்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒன்று இப்போது வந்திருக்கிறது.

எண்கள் சரியாக வருகின்றன, ஆனால் சில சமயம் இரண்டாக உடைந்து வருகின்றன. முதல் தடவை படித்தால் 12, அடுத்த தடவை 4.56. அதைவிடப் பெரிய சிக்கல், தராசுக்கு நான் அனுப்பும் கட்டளை. எடையைச் சுழியாக்கச் சொல்லும் கட்டளை மூன்று எழுத்தும் ஒரு கேரேஜ் ரிட்டர்னும் (வரி முடிவுக் குறி). பத்துத் தடவை அனுப்பினால் மூன்று, நான்கு தடவைதான் கேட்கிறது. பழைய நிரலில் அதே நான்கு எழுத்துதான் போகிறது, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

12. கம்பிமுனை

முதலாவது எளிது. சீரியல் போர்ட்டில் செய்தி என்று ஒன்று கிடையாது, பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே. 2400 வேகத்தில் ஒரு எழுத்துக்கு 10 பிட் என்றால் விநாடிக்கு 240 எழுத்து, ஒரு எழுத்துக்கு 4 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். 16 எழுத்து வரி முழுதாக வந்து சேர 67 மில்லிசெகண்ட் ஆகும். நீங்கள் நடுவில் போய்ப் படித்தால் அதுவரை வந்ததுதான் கிடைக்கும். வருவதையெல்லாம் ஒரு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடம்) சேருங்கள், வரி முடிவு வந்த பிறகே எடுத்துப் பொருள் காணுங்கள். தொடங்கும்போது வரியின் பாதியில் நுழைந்திருப்பீர்கள், அதனால் முதல் வரியைத் தூக்கிப்போடுங்கள்.

சி-யில் நேரடியாக எழுதுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. லினக்ஸில் சீரியல் போர்ட்டைத் திறந்தால் அதை ஆள் தட்டச்சு செய்யும் ஒரு முனையமாகத்தான் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நினைக்கும். வழக்கமான முனைய அமைப்புகளோடு இருந்தால் கேரேஜ் ரிட்டர்னைப் புதுவரிக் குறியாக மாற்றும், ஹெக்ஸ் 11, 13 இரண்டையும் ஓட்டக் கட்டுப்பாடு என்று விழுங்கிவிடும், வரி முடியும் வரை எதையும் தராது. டெர்மியோஸ் என்ற முனைய அமைப்பு வசதியில், பைட்டுகளை மாற்றாமல் அப்படியே தரும் ரா முறைக்கு மாற்றியே தீர வேண்டும். எழுத்துகள் மட்டும் போகும் கருவியில் இது தெரியாமலே பல மாதம் ஓடும். இரும எண்கள் போகும் கருவியில் எப்போதாவது ஒரு ஹெக்ஸ் 13 வரும்போதுதான் மாட்டும்.

இரண்டாவது சிக்கலுக்குப் பழைய நிரலில் அனுப்பும் பகுதியைப் போடுங்கள். என்ன அனுப்புகிறது என்பதை விட்டுவிட்டு எப்படி அனுப்புகிறது என்று பாருங்கள்.

13. தராசுத்தட்டு

பார்த்தேன். ஒரு எழுத்தை அனுப்புகிறது. பிறகு ஒரு சுற்று. அதில் 3எஃப்டி போர்ட்டைப் படித்து 1-உடன் ஆண்ட் செய்கிறது, அதாவது கடைசி பிட்டை மட்டும் எடுக்கிறது. அது சுழியாக இல்லாதபோது 3எஃப்8-ஐப் படித்து, தான் அனுப்பிய எழுத்தும் அதுவும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்றானால்தான் அடுத்த எழுத்து. ஒன்றாகாவிட்டால் மூன்று தடவை முயன்று, பிறகு பிழை சொல்கிறது.

இதை வேண்டாத சுற்று என்று நினைத்து விட்டுவிட்டேன்.

14. கம்பிமுனை

உங்கள் பதில் அங்கேயே இருக்கிறது. 3எஃப்டி வரி நிலை ரெஜிஸ்டர், அதன் கடைசி பிட் "ஒரு பைட் வந்து காத்திருக்கிறது" என்பதைக் காட்டும். உங்கள் தராசு வாங்கும் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பி அனுப்புகிறது. அந்த எதிரொலி வந்த பிறகே அடுத்ததை அனுப்ப வேண்டும்.

ஏன் என்றால், அந்தக் காலத்துக் கருவிகளில் பெறும் பக்கம் பெரும்பாலும் ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம். உள்ளே இருக்கும் சின்னச் செயலி எடையை அளந்து, சராசரி எடுத்து, திரையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த எழுத்து வந்து முந்தியதன் மேல் உட்கார்ந்துவிடும். 4 மில்லிசெகண்ட் அதற்குப் போதாது. உங்கள் மாற்றியோ நான்கு எழுத்தையும் இடைவெளியே இல்லாமல் அனுப்பும். பத்தில் மூன்று, நான்கு தடவை கேட்டது என்றால் அப்போது தராசு சும்மா இருந்திருக்கிறது.

இதே போல ஒரு கருவியில் நான் ஒரு வாரம் இழந்திருக்கிறேன். எழுத்துகளுக்கு நடுவே 50 மில்லிசெகண்ட் இடைவெளி விட்டு ஒப்பேற்றினேன். எதிரொலிக்குக் காத்திருப்பது அதைவிட நல்ல வழி. கருவி தயாரா என்பதைக் கருவியே சொல்கிறது.

15. நேர்வழி

நான்கு நாளாக இதைப் பின்தொடர்கிறேன். என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

பாரிட்டியை முயன்று கண்டுபிடிக்கலாம். எதிரொலிக்குக் காத்திருப்பதை அப்படிக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் பாதி நேரம் வேலை செய்கிறது. அந்தச் சுற்றை எழுதியவர் தராசின் பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பார். அந்த அறிவு இப்போது வேறெங்கும் இல்லை, அந்தப் பாஸ்கல் வரிகளில் மட்டும் இருக்கிறது. பழைய நிரலைப் படிக்காமல் புதிதாக எழுதுவது அதைத் தூக்கி எறிவதற்குச் சமம் என்பதை ஏற்கிறேன்.

ஆனாலும் படிக்கக் கற்பதும் எழுதக் கற்பதும் வேறு. நெடுவரிசை சொன்னதுதான் என் எல்லையும். தேவை வந்தபோது, தேவையான அளவு.

16. முதலாமாண்டு

நான் கல்லூரி மாணவன். எந்தத் தேவையும் இன்னும் வரவில்லை, ஆனால் இந்த உரையாடல் மிகவும் பிடித்திருக்கிறது. தேவை வருவதற்கு முன்பே இதைக் கற்க விரும்பும் ஒருவர் எங்கே தொடங்குவது? பழைய கணினி இல்லை. தராசும் இல்லை.

17. பச்சைத்திரை

தம்பி, ஒரு யூஎஸ்பி-சீரியல் மாற்றியும் ஒரு துண்டுக் கம்பியும் போதும். 9 முள் இணைப்பில் 2-ஆவது முள் வாங்குவது, 3-ஆவது அனுப்புவது. இரண்டையும் இணைத்துவிட்டால் அனுப்புவதெல்லாம் உங்களுக்கே திரும்பி வரும். ஒரு பைட்டை அனுப்பி, அதே பைட் வருகிறதா என்று பாருங்கள். 0 முதல் 255 வரை எல்லாவற்றையும் அனுப்புங்கள். 13, 17, 19, 255 (இவை தசம எண்கள்; ஹெக்ஸில் 0டி, 11, 13, எஃப்எஃப்) இவற்றில் எது தவறினாலும், ஏன் என்று தெரியும் வரை விடாதீர்கள். அந்த ஒரு பயிற்சியில் கம்பிமுனை மேலே சொன்ன எல்லா முனைய அமைப்புகளும் உங்களுக்குத் தெரிந்துவிடும். மாற்றிகூட இல்லையென்றால் லினக்ஸில் சோகேட் என்ற கருவி, ஒன்றோடொன்று இணைந்த இரண்டு பொய் போர்ட்டுகளை உண்டாக்கித் தரும். ஆனால் அங்கே வேகமும் பாரிட்டியும் உண்மையாக இருக்காது.

மொழி விஷயத்தில் என் கருத்து நேர்வழியுடையதிலிருந்து சற்று விலகியது. தேவை வந்த பிறகு கற்கலாம் என்பது வேலைக்குச் சரி. கற்கும் வயதில் ஒரு பழைய மொழியில் ஒரு முழு நிரலாவது எழுதிப் பாருங்கள் என்பேன். பைத்தானில் போர்ட்டைத் திறந்து படிக்கச் சொன்னால் ஏதோ வருகிறது. அது எங்கே காத்திருந்தது, யார் அதைச் சேர்த்து வைத்தார்கள், அது எழுத்தா எண்ணா என்று நீங்கள் ஒரு தடவைகூட முடிவெடுக்க வேண்டியதில்லை. டர்போ பாஸ்கலில் எல்லாவற்றையும் நீங்களே முடிவெடுக்க வேண்டும். ஜிடபிள்யூ-பேசிக்கில் போர்ட்டைத் திறக்கும் வரியிலேயே வேகம், பாரிட்டி, தரவு பிட், ஸ்டாப் பிட் நான்கையும் வரிசையாக எழுதுவோம்: 2400, ஈ, 7, 1 என்று. ஒவ்வொரு முறையும் கையால் எழுதியதால் அது என்ன என்று கேட்காமல் இருக்க முடிந்ததில்லை. பேசிக் 1964-இல், கணினித் துறையில் இல்லாத மாணவர்களுக்காக உருவான மொழி. அதில் இதைக் கற்றவர்களில் நானும் ஒருவன்.

இன்று பாஸ்கல் வேண்டுமென்றால் ஃப்ரீ பாஸ்கல் இருக்கிறது, இலவசம், இப்போதைய கணினிகளில் ஓடும். ஆனால் இன்றைய இயங்குதளங்கள் சாதாரண நிரலை 3எஃப்8-ஐ நேரடியாகத் தொட விடாது. ரெஜிஸ்டர்களைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சில்லில் அடங்கிய சின்னக் கணினி) வாங்குங்கள். அங்கே யூஏஆர்டி இன்றும் அப்படியேதான் இருக்கிறது, பெயர்கள் மட்டும் வேறு.

18. கம்பிமுனை

மைக்ரோகன்ட்ரோலர் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதன் முள்ளை 9 முள் சீரியல் போர்ட்டில் நேரடியாக இணைத்துவிடாதீர்கள். அந்தப் போர்ட்டின் மின் தரநிலையான ஆர்எஸ்-232-இல் 1 என்பது எதிர் மின்னழுத்தம், -3 முதல் -15 வோல்ட் வரை. 0 என்பது +3 முதல் +15 வரை. மைக்ரோகன்ட்ரோலரில் 1 என்பது 5 அல்லது 3.3 வோல்ட், 0 என்பது 0 வோல்ட். அளவும் வேறு, திசையும் தலைகீழ். நேரடியாகக் கொடுத்தால் சில்லு போய்விடலாம். நடுவில் மாக்ஸ்232 போன்ற மட்டமாற்றிச் சில்லு வேண்டும்.

வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பிசி-யில் 1.8432 என்ற விசித்திரமான எண் ஏன் என்றால், அதை வகுத்தால் வழக்கமான வேகங்கள் எல்லாம் மீதி இல்லாமல் கிடைக்கும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏவிஆர் என்ற மைக்ரோகன்ட்ரோலர் சில்லில் அப்படி இல்லை. 115200 கேட்டால் சாதாரண முறையில் மிக அருகில் கிடைப்பது 111111 சொச்சம், 3.5 சதவீதம் குறைவு. பத்து பிட் சட்டகத்தில் ஒவ்வொரு பிட்டாகப் பிழை சேர்ந்துகொண்டே போய்க் கடைசி பிட்டில் அரை பிட் அளவு விலகினால் வாசிப்பு தவறும். அதற்கு 5 சதவீதம் போதும், அதில் மறுமுனையின் பிழையும் சேரும். 9600-இல் சரியாக ஓடியது 115200-இல் குப்பையாக வந்தால் முதலில் இந்த வகுத்தலைச் செய்யுங்கள்.

19. நெடுவரிசை

ஒரு சந்தேகம். தராசுத்தட்டு அந்தப் பழைய நிரலையே டாஸ்பாக்ஸில் (இன்றைய கணினியில் பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் நிரல்) ஓட்டியிருக்கலாமே? அதில் உண்மையான சீரியல் போர்ட்டை இணைக்கும் வசதி இருப்பதாகப் படித்தேன்.

20. பச்சைத்திரை

இருக்கிறது அக்கா. அவசரத்துக்கு நல்ல வழிதான், புது நிரல் சரியாகும் வரை வேலை நிற்காது. நேரடியாக வேகமான கணினியில் டாஸ் போட்டு ஓட்டப் பார்த்தால் வேறொரு தொல்லை வரலாம்: டர்போ பாஸ்கலோடு வரும், திரையைக் கையாளும் சிஆர்டி என்ற நிரல் பகுதி, நிரல் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் செய்யும். செயலி மிக வேகமாக இருந்தால் விடை அந்த இடத்துக்குள் அடங்காமல் "ரன்டைம் எரர் 200" என்று நின்றுவிடும். நம் நிரலின் முதல் வரிகூட ஓடியிருக்காது. டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து வைக்கலாம் என்பதால் அதைத் தவிர்த்துவிடலாம்.

காத்திருக்கும் நேரத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். யூஎஸ்பி மாற்றி பைட் வந்த உடனே தருவதில்லை; கொஞ்சம் சேர்த்துத்தான் அனுப்பும். பரவலாகப் புழங்கும் ஒரு வகைச் சில்லில் அந்தக் காத்திருப்பு இயல்பாக 16 மில்லிசெகண்ட். தராசுத்தட்டின் எதிரொலிச் சுற்றில் ஒரு எழுத்துக்கு அவ்வளவு கூடினாலும் பாதகமில்லை. ஆனால் தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் ஆர்டியு போல 3.5 எழுத்து நேர மௌனத்தை வைத்துச் செய்தியின் முடிவைக் கண்டுபிடிக்கும் முறைகளில், 9600 வேகத்தில் அந்த மௌனமே 4 மில்லிசெகண்ட்தான். மாற்றிக்குப் பின்னால் உட்கார்ந்து அதை அளக்க முடியாது. அங்கே செய்தியின் நீளத்தையும் சிஆர்சி என்ற பிழைச் சரிபார்ப்பு எண்ணையும் வைத்துத்தான் முடிவு காண வேண்டும்.

21. முதலாமாண்டு

2-ஐயும் 3-ஐயும் இணைத்து 256 பைட்டும் அனுப்பினேன். சி-யில் எழுதினேன். 13 அனுப்பினால் 10 வந்தது. 17, 19 இரண்டும் வரவே இல்லை. ரா முறைக்கு மாற்றியதும் மூன்றும் சரி. 255 மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. 255 அனுப்பினால் -1 வருகிறது.

22. நேர்வழி

இது போர்ட்டின் தவறு அல்ல, இது சி. வாங்கிய பைட்டை வெறும் "சார்" என்ற தரவு வகையில் வைத்திருப்பீர்கள். பல கம்பைலர்களில் அது குறியுள்ள எண். -128 முதல் 127 வரைதான். 255-இன் எட்டு பிட்டும் 1 என்பதால் அதை -1 என்று படிக்கிறது. அன்சைன்டு சார் என்று மாற்றுங்கள். கம்பியில் வந்த பிட்டுகள் சரியாகத்தான் வந்திருக்கின்றன.

128 முதல் 254 வரையிலும் இதே தவறு இருந்திருக்க வேண்டும். நீங்கள் முதலில் அவற்றை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று பாருங்கள். அனுப்பியதையும் அதே வகையில் வைத்து ஒப்பிட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே தவறாகி, சரி என்று காட்டியிருக்கும்.

23. முதலாமாண்டு

ஆமாம் அண்ணா, அப்படித்தான் ஒப்பிட்டிருக்கிறேன். 255-ஐ மட்டும் அச்சிட்டுப் பார்த்ததால் தெரிந்தது. மாற்றிவிட்டேன், 256-உம் வருகின்றன.

24. தராசுத்தட்டு

எதிரொலிக்குக் காத்திருக்கும்படி மாற்றி எழுதினேன். சுழியாக்கும் கட்டளை 200 தடவை அனுப்பிச் சோதித்தேன், 200-உம் போய்ச் சேர்ந்தது. பைட்டுகளைப் பைட்டுகளாகவே வைத்து, வரி முடிந்த பிறகு, ஆஸ்கி என்று உறுதிப்படுத்திக்கொண்டே எழுத்தாக மாற்றுகிறேன். பாரிட்டி தவறிய வரியைக் கணக்கில் சேர்க்காமல் தனியாகப் பதிந்து வைக்கிறேன்.

900 வரியில் இதுவரை 600 படித்துவிட்டேன். இப்போது பாஸ்கல் அந்நியமாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு இடம் புரியவில்லை. எடை வந்த பிறகு அதை உடனே எழுதாமல், முந்திய இரண்டு எடைகளோடு ஒப்பிட்டு, மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் பதிகிறது. தராசே நிலைத்த பிறகுதானே அனுப்பும்? இதையும் வைத்துக்கொள்ள வேண்டுமா?

25. கம்பிமுனை

அந்தத் தராசு நிலைத்த பிறகுதான் அனுப்புகிறதா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா? தட்டில் கையை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே, வரும் வரிகளை மூல பைட்டுகளாகப் பாருங்கள். எடை ஆடும்போதும் வரி வந்துகொண்டிருந்தால் அந்த மூன்று தடவை ஒப்பீடு அப்படியே இருக்கட்டும். ஆடும்போது வரியில் ஏதாவது ஒரு எழுத்து மட்டும் மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள். சில தராசுகள் நிலைத்ததையும் நிலைக்காததையும் ஒரு எழுத்தால் சொல்லும். பார்த்துவிட்டு அந்த வரிகளை இங்கே போடுங்கள்.